வந்தவர்களை மட்டும் எண்ணும் கணக்கு

2024 ஆகஸ்டில் லிவர்பூல் ரசிகர்களின் ஆத்திரமெல்லாம் ஒரே பெயரைச் சுற்றிக் கிடந்தது: மார்ட்டின் சுபிமெண்டி. ஸ்பெயினின் ரியால் சோசியடாட் கிளப்பின் நடுக்கள வீரர். ஒரு மாதத்துக்கு முன்புதான் யூரோ கோப்பை இறுதிப் போட்டியில் ரோட்ரி காயத்தோடு வெளியேற, இரண்டாம் பாதி முழுக்க அவர் இடத்தில் நின்று இங்கிலாந்தை மடக்கியவர். அவருடைய ஒப்பந்தத்தில் குறித்திருந்த 6 கோடி யூரோவைக் கொடுக்க லிவர்பூல் தயாராக இருந்தது. அவர்தான் ஊரை விட்டு வர மனமில்லை என்றுவிட்டார். எட்டரை ஆண்டுகள் அணியை நடத்திய யூர்கன் க்ளாப் விடைபெற்று, நெதர்லாந்திலிருந்து ஆர்ன் ஸ்லாட் வந்து பொறுப்பேற்ற நேரம் அது. சந்தை மூடியபோது லிவர்பூல் வாங்கியிருந்தது இரண்டே பேர். யுவெண்டஸில் ஓரங்கட்டப்பட்டிருந்த ஃபெடரிகோ கியேசா, 1 கோடி பவுண்டுக்கு. அடுத்தவர் கோல்கீப்பர் ஜியோர்ஜி மமர்தாஷ்விலி. அவரும் ஓராண்டு கழித்துத்தான் வருவார் என்பது ஏற்பாடு.

உரிமையாளர்கள் காசை இறுக்கிப் பிடிக்கிறார்கள், புதுப் பயிற்சியாளரை வெறுங்கையோடு களத்துக்கு அனுப்புகிறார்கள், முதல் நான்கு இடங்களுக்குள் வந்தாலே பெரிது என்று எங்கும் பேச்சு. தொலைக்காட்சி விமர்சகர்களும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார்கள்.

2025 ஏப்ரல் 27 அன்று தன் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹாமை 5-1 என வீழ்த்தி, இன்னும் நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே லிவர்பூல் லீக் பட்டம் வென்றது. சீசன் முடிவில் இரண்டாம் இடத்து ஆர்சனலுக்கும் அவர்களுக்கும் 10 புள்ளி இடைவெளி. கோடையில் வந்த ஒரே புதுமுகம் கியேசா. அவர் லீக்கில் 6 ஆட்டங்களில் தலைகாட்டியதோடு சரி. பட்டம் வென்றவர்கள் அத்தனை பேரும் முந்தைய ஆண்டே அங்கு இருந்தவர்கள்.

இதை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடப் பலருக்கு ஆசை. ஒதுக்க முடியாது. ஒவ்வொரு ஜூன், ஜூலை, ஆகஸ்டிலும் கால்பந்து உலகம் முழுக்க ஒலிக்கிற ஒரு நம்பிக்கையின் அடித்தளத்தையே இது அசைக்கிறது. கோடைச் சந்தையில் யார் அதிகம் வாங்கினார்களோ, யார் பெரிய பெயரை வாங்கினார்களோ அவர்கள் வென்றார்கள்; சும்மா இருந்தவர்கள் தோற்றார்கள் என்பதே அந்த நம்பிக்கை. சந்தையின் கடைசி நாளில் ஸ்கை ஸ்போர்ட்ஸ் திரை முழுக்க மஞ்சள் பூசிக்கொள்ளும். யார் எந்தப் பயிற்சி மைதானத்தின் வாசலில் காரிலிருந்து இறங்கினார் என்பதை நேரலையில் காட்டும். மறுநாள் பத்திரிகைகள் இருபது கிளப்புகளுக்கும் மதிப்பெண் போடும். ஒரு பந்துகூட உதைக்காதவருக்கு முதல் வகுப்பு. ஐந்து ஆண்டுகளாக அதே இடத்தில் உழைப்பவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இந்த நம்பிக்கை தவறு. லிவர்பூலின் கடந்த சில கோடைகளை வரிசையாக எடுத்து வைத்தாலே அது நிற்க முடியாமல் போகும்.

2014-லிருந்து தொடங்கலாம். அதற்கு முந்தைய சீசனில் லிவர்பூல் லீக்கில் 101 கோல் அடித்து, நூலிழையில் பட்டத்தைத் தவறவிட்டு இரண்டாம் இடம் வந்திருந்தது. 31 கோல் அடித்த லூயிஸ் சுவாரெஸ் பார்சிலோனாவுக்குப் போனார். கிடைத்த பணத்தில் கிளப் சந்தையில் இறங்கி அள்ளியது. லல்லானா, லோவ்ரென், மார்கோவிச், எம்ரே சான், மொரேனோ, லாம்பர்ட், கடைசியில் மரியோ பலோட்டெலி. ஒரு வீரரின் விலையில் ஓர் அணியையே வாங்கிவிட்டார்கள் என்று புகழ்ந்தவர்கள் அப்போது ஏராளம். அடுத்த சீசனில் லிவர்பூல் அடித்த கோல்கள் 52. பலோட்டெலியின் பங்கு அதில் ஒன்றே ஒன்று. ஆறாம் இடம், கடைசி ஆட்டத்தில் ஸ்டோக்கிடம் 6-1 தோல்வி. எண்ணிக்கையில் எந்தக் குறையும் இல்லாத கோடை அது. எதிரணித் தடுப்பாட்டக்காரர்களின் மேல் பாய்ந்து பந்தைப் பறித்து, அங்கிருந்தே ஆட்டத்தைத் தொடங்கிவைத்த சுவாரெஸ் செய்த வேலையைச் செய்ய மட்டும் ஆள் இல்லை.

அதற்கு நேர்மாறானது 2018. ஜனவரியில் ஃபிலிப் கூட்டினியோ பார்சிலோனாவுக்குப் போனார். மொத்தத் தொகை 14 கோடி பவுண்டைத் தாண்டக்கூடிய ஒப்பந்தம். ரசிகர்கள் எதிர்பார்த்தது இன்னொரு கூட்டினியோவை, முன்வரிசைக்குப் பின்னால் நின்று மந்திரம் செய்யும் ஒருவரை. லியோன் கிளப்பின் நபில் ஃபெகிர் வருவதாக இருந்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் அந்தப் பேச்சு முறிந்தபோது புலம்பல் உச்சத்துக்குப் போனது. கூட்டினியோவின் இடத்துக்கு லிவர்பூல் கடைசிவரை யாரையும் வாங்கவில்லை. வாங்கியது வேறு இடங்களுக்கு. ஜனவரியிலேயே 7.5 கோடி பவுண்டுக்கு வெர்ஜில் வான் டைக். கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியைக் கோல்கீப்பர் லோரிஸ் காரியுஸின் பிழைகளால் இழந்த பிறகு, ரோமாவிலிருந்து அலிசன் பெக்கர். தடுப்புக்கு முன்னால் நிற்க ஃபாபின்யோ. 2017-18 லீக்கில் 38 கோல் வாங்கிய அணி அடுத்த சீசனில் 22 மட்டுமே வாங்கியது. 97 புள்ளி எடுத்தது. 2019 ஜூன் 1 அன்று மத்ரீதில் ஐரோப்பாவின் சாம்பியன் ஆனது.

இந்த இரண்டு முறையும் பெரிய நட்சத்திரம் போனார், பெரும் பணம் வந்தது, அது செலவும் ஆனது. விளைவை மாற்றியது தொகையோ தலைக்கணக்கோ இல்லை. அணி எங்கே ஒழுகிக்கொண்டிருந்தது என்று பார்த்து அங்கே அடைத்ததுதான்.

பிறகு 2019 வந்தது. ஐரோப்பியக் கோப்பையைக் கையில் வைத்திருந்த அணி அந்தக் கோடையில் பெரிதாக யாரையும் வாங்கவில்லை. செப் வான் டென் பெர்க், ஹார்வி எலியட் என்ற இரண்டு பதின்வயதுப் பையன்கள். வெஸ்ட் ஹாம் விடுவித்துவிட்ட கோல்கீப்பர் அட்ரியன், இலவசமாக. அதே நேரம் மான்செஸ்டர் சிட்டி ரோட்ரிக்கு 6 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்திருந்தது. தூங்கிவிட்டார்கள் என்றார்கள். அட்ரியன் ஆகஸ்ட் 5 அன்று கையெழுத்திட்டார். ஆகஸ்ட் 9-ல் அலிசன் கெண்டைக்கால் பிடிபட்டு வெளியேற, மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். ஆகஸ்ட் 14-ல் இஸ்தான்புல்லில் செல்சியுடன் ஐரோப்பிய சூப்பர் கோப்பை. பெனால்டிகளில் கடைசியாக வந்த டாமி ஆப்ரகாமின் உதையைக் காலால் தடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். அலிசன் திரும்பும்வரை லீக்கில் லிவர்பூல் ஓர் ஆட்டத்தையும் விடவில்லை. அடுத்த மார்ச்சில் அத்லெட்டிகோ மத்ரீதுடன் அட்ரியன் செய்த தவறு அணியைச் சாம்பியன்ஸ் லீக்கிலிருந்து வெளியேற்றியது என்பதும் உண்மை. இருந்தும் அந்த சீசனின் முடிவில் 99 புள்ளி, 30 ஆண்டுகளுக்குப் பின் முதல் லீக் பட்டம்.

ஆக, லிவர்பூல் லீக் பட்டம் வென்ற இந்த இரண்டு சீசன்களுக்கும் முந்தைய கோடைகள் 2019-ம் 2024-ம். சமீபத்திய ஆண்டுகளில் ரசிகர்களிடம் மிக அதிகமாகத் திட்டு வாங்கிய கோடைகளும் அவைதாம்.

சுபிமெண்டி வராத இடத்தில் என்ன நடந்தது என்பதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ரையன் கிராவன்பெர்க் 2023 கோடையின் கடைசியில் பயர்ன் மியூனிக்கிலிருந்து வந்தவர். அங்கே பெஞ்சில் உட்கார்ந்து சலித்துப்போன இளைஞர். லிவர்பூலிலும் முதல் ஆண்டு பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்தான். ஸ்லாட் அவரைத் தடுப்புவரிசைக்கு முன்னால், சுபிமெண்டிக்கென்று வைத்திருந்த அதே இடத்தில் நிறுத்தினார். பந்து வான் டைக்கின் காலிலிருந்து வரும்போது கிராவன்பெர்க்கின் முகம் தன் கோலைப் பார்த்திருக்கும். முதுகில் எதிரணி ஆள் மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். மற்ற நடுக்கள வீரர்கள் அந்த நிலையில் பந்தை வந்த வழியே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இவர் தொட மாட்டார். தோளை ஒரு பக்கம் காட்டி, பந்தைத் தன்னைத் தாண்டி ஓடவிட்டு, உடலை அதன் பின்னால் சுழற்றுவார். அடுத்த நொடியில் அழுத்த வந்தவர் பின்னால் கிடப்பார்; எதிரே பாதி மைதானம் திறந்திருக்கும். அந்த சீசனில் 38 லீக் ஆட்டங்களில் 37-ல் அவர் தொடக்க அணியில் இருந்தார். பிரீமியர் லீக்கின் சிறந்த இளம் வீரர் விருதும் வாங்கினார். சுபிமெண்டி ஒப்புக்கொண்டிருந்தால் இந்த ஆட்டத்தை யாரும் பார்த்திருக்கப்போவதில்லை. வாங்கச் சொல்லிக் கூச்சலிட்ட எவருடைய கணக்கிலும் கிராவன்பெர்க் இல்லை. அவர் ஏற்கனவே வீட்டுக்குள் இருந்தார் என்பது மட்டுமே அதற்குக் காரணம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. பணம் இல்லாமல் எவனும் வெல்வதில்லை, நீண்ட காலத்தில் செலவு செய்பவர்களே மேலே இருக்கிறார்கள் என்பார்கள். அதில் பாதி சரி. எந்தச் செலவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சைமன் கூப்பரும் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கியும் எழுதிய ‘சாக்கர்நாமிக்ஸ்’ நூல், 1978 முதல் 1997 வரை 40 ஆங்கிலக் கிளப்புகளை ஆராய்ந்தது. லீக்கில் அவை பிடித்த இடங்களிலிருந்த வேறுபாட்டில் 16 விழுக்காட்டை மட்டுமே வீரர்களை வாங்கச் செலவிட்ட பணம் விளக்கியது. சம்பளச் செலவு 92 விழுக்காட்டை விளக்கியது. அதாவது, ஏற்கனவே கையில் இருக்கும் நல்ல வீரர்களுக்கு உரிய சம்பளம் கொடுத்துத் தக்கவைக்கும் கிளப்தான் மேலே நிற்கிறது. சம்பள ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பழைய முகம் பழைய மேசையில் கையெழுத்திடும் படம். அதைப் பார்த்து யாரும் தெருவில் இறங்கிப் பாடுவதில்லை.

2024 கோடையிலேயே லிவர்பூல் கவலைப்பட வேண்டிய உண்மையான விஷயம் அதுதான். முகமது சாலா, வான் டைக், டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் மூவரின் ஒப்பந்தமும் ஒரே நாளில், 2025 ஜூன் முடிவில் தீர இருந்தது. கோல், தடுப்பு, பாஸ் என அணியின் முதுகெலும்பே அந்த மூவர். அந்த ஆகஸ்டில் சுபிமெண்டிக்காக எழுந்த சத்தத்தில் பாதியாவது இவர்களுக்காக எழுந்திருக்க வேண்டும். சாலாவும் வான் டைக்கும் 2025 ஏப்ரலில்தான் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அந்த சீசனில் சாலா லீக்கில் 29 கோல் அடித்தார், 18 கோலுக்கு வழி செய்தார். அலெக்சாண்டர்-ஆர்னால்ட் ரியல் மத்ரீதுக்குப் போனார். ஆறு வயதிலிருந்து இந்தக் கிளப்பில் வளர்ந்தவர். அவரை முன்கூட்டியே அனுப்பியதற்குக் கிடைத்த சொற்பத் தொகை, அவர் மதிப்புக்கு அருகில்கூட வராது. லிவர்பூல் சந்தையில் செய்த மிகப்பெரிய நஷ்டம் வாங்காமல் விட்டதால் வந்ததில்லை.

பிறகு வந்தது, ரசிகர்கள் கேட்டதெல்லாம் கிடைத்த கோடை. 2025-ல் லிவர்பூல் 40 கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டது. லெவர்குசனிலிருந்து ஃப்ளோரியன் விர்ட்ஸ், கூடுதல் தொகைகளோடு 11.6 கோடிவரை. ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து ஹ்யூகோ எகிடிகே. இரு பக்கத் தடுப்புக்கு மிலோஸ் கெர்கெஸ், ஜெரமி ஃப்ரிம்பாங். சந்தையின் கடைசி நாளான செப்டம்பர் 1 அன்று, பிரிட்டனில் அதுவரை யாருக்கும் கொடுக்காத 12.5 கோடி பவுண்டுக்கு நியூகாசிலின் அலெக்சாண்டர் இசாக். மதிப்பெண் போட்டவர்கள் நூற்றுக்கு நூறு போட்டார்கள். ‘கோடையை வென்ற அணி’ என்று பெயரும் கிடைத்தது.

அதே செப்டம்பர் 1 அன்று இன்னொன்றும் நடந்தது. கிரிஸ்டல் பாலஸின் கேப்டன், நடுத்தடுப்பாட்டக்காரர் மார்க் குவேஹி 3.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் வருவது ஏறத்தாழ முடிவாகியிருந்தது. மாற்று ஆள் கிடைக்காததால் பாலஸ் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. இசாக் வந்த கொண்டாட்டத்தில் பலருக்கு அது ஒரு வருத்தச் செய்தி, அவ்வளவே. மூன்று வாரம் கழித்து, 18 வயது நடுத்தடுப்பாட்டக்காரர் ஜியோவன்னி லியோனி தன் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து சீசனை இழந்தார். மற்றொரு நடுத்தடுப்பாட்டக்காரர் ஜாரெல் குவான்சாவை ஏற்கனவே லெவர்குசனுக்கு விற்றாகிவிட்டது. முன்வரிசைக்கு இருபது கோடிக்குக் குறையாமல் கொட்டிய அணி, வான் டைக்குக்கும் கொனாத்தேவுக்கும் பின்னால் அடிக்கடி காயம்படும் ஜோ கோமஸை நம்பி நின்றது.

முதல் ஐந்து லீக் ஆட்டங்களிலும் வெற்றி. அதன் பிறகு செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் 22 வரை ஏழு லீக் ஆட்டங்களில் ஆறு தோல்வி. ஆன்ஃபீல்டில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 3-0, நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் சாம்பியன்ஸ் லீக்கில் பி.எஸ்.வி. 4-1. நியூகாசிலோடு மல்லுக்கட்டிக் கோடைப் பயிற்சியை முழுக்க இழந்திருந்த இசாக் உடல்தகுதி இல்லாமல் திணறினார். விர்ட்ஸின் முதல் லீக் கோல் டிசம்பர் 27-ல்தான் வந்தது. வலப்பக்கத்தில் அலெக்சாண்டர்-ஆர்னால்ட் இல்லாததால், சாலாவுக்கு எட்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த பந்தும் வரவில்லை.

இதில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. அந்தக் கோடையில், ஜூலை 3 அன்று ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் அணியின் முன்வரிசை வீரர் டியோகோ ஜோட்டாவும் அவர் தம்பி ஆந்த்ரே சில்வாவும் இறந்தார்கள். தோழனைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் ஐந்து வாரத்தில் களமிறங்கினார்கள். அந்த இலையுதிர்காலத்தின் எந்தத் தோல்வியைப் பேசினாலும் இந்தத் துக்கம் அதற்குள் இருக்கிறது. எந்தச் சந்தைக் கணக்கும் அதை அளக்காது. ஆனால் பின்வரிசையில் ஆள் குறைவாக இருந்ததும், இரண்டு பக்கத் தடுப்பையும் முன்வரிசையையும் ஒரே கோடையில் மாற்றியதும் கிளப் எடுத்த முடிவுகள். கைதட்டியது ரசிகர்கள்.

அதுவும் முதல் முறை இல்லை. 2020-ல் பட்டம் வென்ற கையோடு லிவர்பூல் செய்தது இதேதான். நடுத்தடுப்பாட்டக்காரர் டெயான் லோவ்ரெனை ஜெனித்துக்கு விற்றார்கள். அவர் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. அப்போதுதான் சாம்பியன்ஸ் லீக் வென்றிருந்த தியாகோ அல்காண்டரா வந்ததில் எல்லாரும் மயங்கிக் கிடந்தார்கள். அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுடனான ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் போனது. நவம்பரில் கோமஸ், ஜனவரி முடிவில் மாட்டிப். ஃபாபின்யோவையும் கேப்டன் ஹெண்டர்சனையும் தடுப்புக்கு இழுத்தார்கள், நடுக்களம் கலைந்தது. தியாகோவைச் சுற்றி அவருக்கென்று வைத்திருந்த ஆட்டமே இல்லாமல் போயிற்று. ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் தோல்விகள். கிளப்பின் வரலாற்றில் அதற்கு முன் நடக்காதது. நாட் பிலிப்ஸ், ரீஸ் வில்லியம்ஸ் என்ற அனுபவமில்லாத இருவர் தலையால் முட்டி முட்டி அணியைக் காப்பாற்றினார்கள். வெஸ்ட் பிராமில் 95-வது நிமிடத்தில் கோல்கீப்பர் அலிசனே முன்னால் ஓடிவந்து தலையால் கோல் அடித்த பிறகுதான் முதல் நான்கு இடம் எட்டும் தூரத்தில் வந்தது. ஐந்து ஆண்டு இடைவெளியில், இரண்டு பட்டங்களுக்குப் பின்னாலும் ஒரே இடத்தில் ஒரே ஓட்டை. இரண்டு முறையும் அந்தக் கோடையை ரசிகர்கள் மெச்சினார்கள்.

எதுவுமே வாங்காமல் இருந்தால் போதும் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2015 கோடையில் ஆர்சனல் களவீரர் ஒருவரைக்கூட வாங்கவில்லை. கோல்கீப்பர் பீட்டர் செக் மட்டும் வந்தார். நவம்பரில் கொகெலினும் கசோர்லாவும் அடுத்தடுத்துக் காயப்பட்டதும் நடுக்களம் காலியானது. லெஸ்டருக்கு 10 புள்ளி பின்னால் இரண்டாம் இடம். அந்த ரசிகர்களின் கோபம் நியாயமானது. ஆனால் ஆர்சனலை முந்திய லெஸ்டர், பிரான்ஸின் கான் கிளப்பிலிருந்து 56 லட்சம் பவுண்டுக்கு எங்கோலோ கான்டேயை வாங்கிய அணி. எந்த மதிப்பெண் பட்டியலிலும் முதலிடம் பெறாத கொள்முதல். அதேபோல் 2018-ல் ஒருவரையும் வாங்காத டாட்டன்ஹாம் சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனது. அடுத்த நவம்பரில் பயிற்சியாளர் பொச்செட்டினோ வேலை இழந்தார். வயதேறிய அணியைப் பழுதுபார்க்காமல் விட்டதன் விலை அது. இங்கெல்லாம் கேட்க வேண்டியிருந்தது எத்தனை பேர் வந்தார்கள் என்பதை இல்லை. எந்த இடத்தில் ஒருவர் காயப்பட்டால் அணி நிற்காது என்பதை.

ரசிகரால் இதைப் பார்க்க முடியும். அணியின் பெயர்ப்பட்டியலை எடுத்து, ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள் யார், அவர் கடந்த ஆண்டு எத்தனை நிமிடம் ஆடினார், வயது என்ன, ஒப்பந்தம் எப்போது தீர்கிறது, அவருக்குப் பின்னால் யார் என்று எழுதினால் அரை மணி நேர வேலை. லிவர்பூலுக்கு அப்படி எழுதினால் முதல் வரியில் வருவது வான் டைக். 1991 ஜூலையில் பிறந்தவர். 2025 ஏப்ரலில் அவர் போட்ட கையெழுத்து 2027 கோடைவரைதான் செல்லும். குவேஹி கடைசியில் மான்செஸ்டர் சிட்டிக்குப் போய்விட்டார். வான் டைக் இருக்கும்போதே அவர் பக்கத்தில் நின்று பழகி, அவர் போன பிறகு அங்கே நிற்கப்போவது யார் என்று ஆன்ஃபீல்டின் ரசிகர்கள் இப்போதே, சுபிமெண்டிக்காகக் கத்தியதைவிட உரக்க, கிளப்பைக் கேட்க வேண்டும்.